படம் எங்கே சிக்கிக்கொள்கிறது? கையடக்கக் கமராவின் காட், வைஃபை, ஜிபிஎஸ்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் படகில் போகிறவர்களிடம் ஒரே முறைப்பாடுதான். வால் மேலே எழும்பும் நேரம் பார்த்துக் கமரா அடம்பிடித்துவிட்டதாம். சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும், பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் படம் விழாது. இது கமராவின் பழுதல்ல, அதற்குள் கிடக்கும் மெமரி காட்டின் வேகம்.

எடுத்த படம் நேரே காட்டுக்குப் போவதில்லை. கமராவின் உள்ளே ராம் எனப்படும் சிறிய தற்காலிக நினைவகம் இருக்கிறது. படங்கள் முதலில் அங்கே குவிந்து, பிறகு ஒவ்வொன்றாகக் காட்டில் எழுதப்படுகின்றன. நொடிக்கு 10 படம், படம் ஒன்றுக்கு 6 எம்பி என்றால் நொடிக்கு 60 எம்பி உள்ளே வருகிறது. அந்த நினைவகம் 30 படம் கொள்ளும் என்று வைப்போம். நொடிக்கு 30 எம்பி எழுதும் காட்டில் அந்த 30 படமும் இறங்க 6 நொடி எடுக்கும். 10 எம்பி எழுதும் காட்டில் 18 நொடி. திமிங்கிலம் அதுவரை காத்திருக்காது. ஆகவே முதுகு தெரிந்ததுமே அழுத்திப் பிடிக்காமல், முதுகு வளைந்து வால் கிளம்பும் வரை பொறுத்துத் தொடர்படத்தைத் தொடங்குவதே புத்தி.

காட் வாங்கும்போது கண்ணில் படுவது முகப்பில் பெரிதாக அச்சிட்ட 170 போன்ற எண். அது வாசிக்கும் உச்ச வேகம். படமெடுப்பவருக்கு வேண்டியது எழுதும் வேகம், அதுவும் குறைந்தபட்ச வேகம். அதைச் சொல்வது ஓரத்தில் இருக்கும் சின்னக் குறிகள்தான். வட்டத்துக்குள் 10 என்றால் நொடிக்கு 10 எம்பிக்குக் கீழே இறங்காது. வி30 அல்லது யூ3 என்றால் 30 எம்பி. 4கே வீடியோவுக்குப் பல கமராக்கள் நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி எழுதும். அதற்கு வி30 தாராளம், வெறும் 10 போதாது.

கொள்ளளவிலும் ஒரு பொறி உண்டு. 32 ஜிபி வரையான எஸ்டிஎச்சி காட்கள் ஃபாட்32 முறையில் கோப்புகளை அடுக்குகின்றன. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால்தான் நீண்ட 4கே வீடியோ ஐந்தரை நிமிடத்துக்கு ஒருமுறை துண்டாகிறது. 64 ஜிபியும் அதற்கு மேலும் எஸ்டிஎக்ஸ்சி வகை, அதில் எக்ஸ்ஃபாட் முறை. 2009இல் அந்த வகை வருவதற்கு முந்திய கமராவில் அதைச் செருகினால் பெரும்பாலும் பிழை காட்டும், அல்லது ஃபோர்மட் செய்யவா, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கவா என்று கேட்கும். உள்ளே படங்கள் இருந்தால் அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிடாதீர்கள்.

அப்படியே அழுத்திவிட்டாலும் உடனே தலையில் கைவைக்க வேண்டியதில்லை. சாதாரண அழிப்பும் விரைவு ஃபோர்மட்டும் பெரும்பாலும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் துடைக்கின்றன. படத்தின் தரவு அதே இடத்தில் கிடக்கும், அதன்மேல் புதிதாக எழுதும் வரை. எனவே ஒரு படம்கூட எடுக்காமல் காட்டைக் கழற்றி வைத்து, மீட்பு மென்பொருளிடம் கொடுக்க வேண்டும்.

மலிவுக்குக் கிடைக்கும் 128 ஜிபி காட் போலியாக இருந்தால் கதை வேறு. உள்ளே 8 ஜிபி மட்டுமே இருக்க, கட்டுப்படுத்தும் சிப் 128 என்று பொய் சொல்லும். எட்டு நிரம்பியபின் எடுத்தவை பெயரளவில் இருக்கும், திறக்காது. பயணத்துக்கு முன் கணினியில் காட்டை முழுதாக நிரப்பி, கடைசிக் கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

இனி வைஃபை. கமரா ஒரு சிறு ரவுட்டராக மாறித் தன் பெயரில் வலையமைப்பைத் திறக்கிறது, போன் அதில் இணைகிறது. அந்த வலையமைப்பில் இணையம் இல்லை. போன் அதைக் கண்டுபிடித்து, தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். போனில் போட்ட கமரா நிறுவனத்தின் செயலி கமராவைத் தேடித் தேடித் தோற்பது பெரும்பாலும் இதனால்தான். டேட்டாவை அணைத்துவிட்டு இணைத்தால் சரியாகும். வந்த படம் மங்கலாக இருந்தால் செயலியின் அமைப்பைப் பாருங்கள், பல கமராக்கள் 2 மெகாபிக்சலுக்குச் சுருக்கியே அனுப்புகின்றன. வீடியோவுக்கு வைஃபை வேண்டவே வேண்டாம். 5 நிமிட 4கே வீடியோ ஏறத்தாழ 3.75 ஜிபி. நொடிக்கு 3 எம்பி என்று பார்த்தால் 20 நிமிடம் தாண்டும், பற்றரியும் இறங்கும். நல்ல காட் ரீடரில் ஒரு நிமிடம் போதும்.

புளூடூத்தின் வேலை வேறு. அது மெதுவானது, ஆனால் மின்சாரம் மிகக் குறைவாகவே தின்னும். கமராவுக்கு நேரத்தையும் போனின் இருப்பிடத்தையும் ஊட்டுவதும், தேவைப்பட்டால் வைஃபையை எழுப்புவதும் அதன் பொறுப்பு.

ஜிபிஎஸ் உள்ள கமராவில் ஒவ்வொரு படத்துக்குள்ளும் இடம் பதியும். திருகோணமலைச் சுவாமி மலையில் எடுத்த படத்தில் ஏறத்தாழ வடக்கு 8.58, கிழக்கு 81.25 என்று இருக்கும். செயற்கைக்கோள் ஒன்று தன் பாதை விபரத்தை ஒருமுறை அனுப்பி முடிக்க 30 நொடி ஆகும். அதனால் கமராவைத் திறந்தவுடன் எடுத்த படங்களில் இடம் இல்லாமல் போகலாம், அல்லது பழைய இடம் ஒட்டியிருக்கலாம். பயணப் பாதையைப் பதியும் வசதியை இயக்கினால் கமரா அணைந்திருந்தாலும் ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும், காலையில் பற்றரி காலி. இன்னொன்று: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இட விபரம் நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால், வீட்டில் எடுத்த படத்தோடு வீடு இருக்கும் இடமும் சேர்ந்தே போகும்.

புறாமலைத் தீவில் பவளப்பாறை பார்க்க நீர்புகாக் கமராவோடு இறங்குகிறவர்கள் இதை எல்லாம் கரையிலேயே முடித்துவிட வேண்டும். கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் வைஃபை, ஜிபிஎஸ் அலைகளைச் சில சென்ரிமீற்றருக்குள் விழுங்கிவிடும். 15 மீற்றர் என்று எழுதியிருப்பதும் அசையாத நீரின் அழுத்தத்துக்குத்தான். படகிலிருந்து குதிக்கும்போது விழும் அடி அந்தக் கணக்கில் இல்லை.

நீரைத் தடுப்பது கதவைச் சுற்றியுள்ள றப்பர் வளையம். ஒரு முடியோ மணல் துகளோ அதில் கிடந்தால் போதும், உப்புநீர் உள்ளே போய்விடும். ஆகவே காட்டையும் பற்றரியையும் கடற்கரையில் மாற்றாதீர்கள். ஏசி அறையில் மாற்றிக் கதவை மூடினால் உள்ளே அடைபடும் காற்றும் உலர்ந்திருக்கும். வெயிலில் சூடான கமரா நீரில் இறங்கும்போது கண்ணாடியின் உட்புறம் பனிபிடிப்பதும் குறையும். கரையேறியதும் கதவு மூடியபடியே நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, நிழலில் காயவிடுங்கள். வெயிலும் முடி உலர்த்தியும் வளையத்தைக் கெடுக்கும். திறக்கும்போது கதவைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள், ஓரத்தில் தங்கிய துளி உள்ளே போகாமல் வெளியே விழும்.