மாண்டலின் செய்யச் சொல்லும் முன் பேசித் தீர்க்க வேண்டியவை

தனக்கென்று ஒரு மாண்டலினைக் கையால் செய்து வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு மரத்தின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மேற்பலகைக்கு அடிரோண்டாக் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், முதுகுக்கு அலை அலையாக ரேகை ஓடும் மேப்பிள், விரல்பலகைக்குக் கருங்காலி என்று முடிவெடுத்துவிட்டே வருகிறார்கள். தந்திக் கருவிகளைச் செய்வதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு: என்ன இசை வாசிக்கப் போகிறீர்கள், எந்த ஊரில் வைத்து வாசிக்கப் போகிறீர்கள்? இவை இரண்டுக்கும் விடை தெரியாமல் மரத்தைத் தேர்ந்தெடுத்துச் செய்த கருவிகள் சில ஆண்டுகளிலேயே பழுதுக்காக என் மேசைக்கு வந்து சேர்வதைப் பார்த்து வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

கர்நாடக இசைக்காக மாண்டலின் வேண்டும் என்பவர்களுக்கு மரத்தைப் பற்றிய பேச்சின் பெரும்பகுதி தேவையே இல்லை. இந்தக் கருவியைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்திய யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) வாசித்தது உள்ளீடற்ற மர மாண்டலின் அல்ல. திண்மையான உடல் கொண்ட மின்சார மாண்டலின். இரட்டை இரட்டையாக நிற்கும் எட்டுத் தந்திகளைக் கொண்டு கமகத்தை இழுப்பது கடினம் என்பதால், அவர் ஒற்றைத் தந்திகளுக்கு மாறி, பின்னர் ஐந்து தந்திகளோடு வாசித்தார். அப்படிப்பட்ட கருவியில் ஒலியைப் பிடிப்பது, தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்; அதிர்ந்து காற்றை அசைக்கும் மேற்பலகை என்று ஒன்று அதில் கிடையாது. ஆகவே மேடைக் கச்சேரிக்கான ஐந்து தந்திக் கருவிக்கு விலை உயர்ந்த ஸ்ப்ரூஸ் வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தை நல்ல பிக்கப்புக்கும், விரல் வழுக்கிச் செல்லத் தோதாக, விரல்பலகையில் பதித்த உலோக மெட்டுகளைத் தேய்த்துச் சீர்செய்வதற்கும் செலவிடச் சொல்லுங்கள். உடலுக்கு நன்றாக உலர்ந்த, கனம் அதிகம் இல்லாத, முறுக்கிக்கொள்ளாத எந்த மரமும் போதும்.

மின்சாரம் இல்லாமல் தானே ஒலிக்கும் மாண்டலின்தான் வேண்டும் என்றால், அடுத்த கேள்வி உடலின் அமைப்பு. நேப்பிள்ஸ் நகரத்து மரபில் முதுகு குடம்போல் வளைந்திருக்கும். மெல்லிய மரக் கீற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டி அந்தக் குடத்தை அமைப்பார்கள். அமெரிக்க மரபு வேறு. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த ஆர்வில் கிப்சன், வயலினைப் போல மேற்பலகையையும் முதுகையும் தடித்த கட்டையிலிருந்து குடைந்தெடுக்கும் முறைக்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரில் அமைந்த நிறுவனத்தில் 1919 முதல் 1924 வரை பணியாற்றிய லாயிட் லோர், 1922-இல் வட்டத் துளைக்குப் பதிலாக வயலினில் உள்ளதுபோன்ற இரண்டு எஃப் வடிவத் துளைகளோடு எஃப்-5 என்ற மாதிரியைக் கொண்டுவந்தார். புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வகையின் தந்தை எனப்படும் பில் மன்ரோ பல பத்தாண்டுகள் வாசித்தது 1923 ஜூலை 9 என்று தேதியிட்ட அத்தகைய ஒரு கருவியைத்தான். இன்று உலகெங்கும் கையால் செய்யப்படும் மாண்டலின்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஃப் வகை மாண்டலினின் தோளில் சுருண்டு நிற்கும் அந்த அழகிய சுருளுக்கும் கூர்முனைகளுக்கும் ஒலியில் சொல்லத்தக்க பங்கு எதுவும் இல்லை. அவற்றைச் செதுக்கி, விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை பதிக்கும் வேலை நாட்களைத் தின்னும். விலை ஏறுவதும் அதனால்தான். அதே மரம், அதே துளை, அதே குடைவு கொண்ட, கண்ணீர்த்துளி வடிவத்து ஏ வகை மாண்டலின் அதே அளவுக்கு ஒலிக்கும். கையிருப்புக் குறைவாக உள்ளவர்கள் சுருளை விட்டுவிட்டு அந்தத் தொகையை மரத்திலும் கைவினையிலும் போடுவதே நல்லது. துளையின் வடிவம் அப்படியல்ல: எஃப் துளைகள் கூட்டத்துக்கு நடுவே வெட்டிக்கொண்டு கேட்கும் ஒலியைத் தரும், வட்டமான அல்லது முட்டை வடிவத் துளை ஒலியைக் கனிந்ததாகவும் நீடிப்பதாகவும் ஆக்கும்.

மேற்பலகைதான் கருவியின் உயிர். எட்டுத் தந்திகளும் சுருதி கூட்டி நிற்கும்போது மொத்த இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். அதில் ஒரு பங்கு, தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை வழியாக மேற்பலகையை இடைவிடாமல் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் விறைப்பும், தந்தியை மீட்டும் வில்லையான பிளெக்ட்ரம் பட்டவுடன் அசைந்துகொடுக்கும் இலேசும் ஒன்றாக அமைந்த மரம் ஸ்ப்ரூஸ். அதில் அமெரிக்காவின் வடகிழக்கிலும் அப்பலாச்சிய மலைகளிலும் வளரும் சிவப்பு ஸ்ப்ரூஸைத்தான் அடிரோண்டாக் என்கிறார்கள். ஓங்கி அடித்து வாசிப்பவர்களுக்கு அது ஈடுகொடுக்கும். ராக்கி மலைகளின் எங்கல்மன் ஸ்ப்ரூஸ் மெல்லத் தொட்டாலே பேசும். ஆனால் பலமாக அடித்தால் ஒரு கட்டத்துக்கு மேல் ஒலி வளராது. அலாஸ்காவிலிருந்து கலிஃபோர்னியா வரை கடற்கரையோரம் வளரும் சிட்கா இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும். இவை கைவினைஞர்களின் பொது அனுபவம். ஒவ்வொரு பலகைக்கும் பொருந்தும் விதிகள் அல்ல. ஒரே இனத்தின் இரண்டு பலகைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, இரண்டு இனங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன்.

ஆகவே பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல் பலகையையே காட்டச் சொல்லுங்கள். முதலில் அதன் அடிமுனையைப் பாருங்கள்: ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து படுத்திருந்தால், குறுக்கே வளையாமல் தாங்கும் விறைப்பு குறையும். ஈரம் ஏறி இறங்கும்போது அகலத்தில் ஏற்படும் அசைவும் கூடும். பின்னர் பலகையின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தள்ளி, ஓரத்தோரமாக இரண்டு விரல்களால் தொங்கவிட்டுப் பிடித்து, நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை தெளிவான ஒரு சுருதியில் ஒலித்துச் சற்றே நின்று அடங்கும். சரியாக உலராததோ நார் கோணியதோ தொப்பென்று செத்த ஒலி தரும். இந்தச் சோதனையைச் செய்ய அனுமதிக்கத் தயங்கும் கைவினைஞரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நல்லவர்கள் தாங்களே தட்டிக் காட்டுவார்கள்.

முதுகு மரத்தைப் பற்றிய நம்பிக்கைகள் உண்மையைவிடப் பெரியவை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, முதுகு மரம் மட்டும் வேறுபட்டு மற்றெல்லாம் ஒன்றுபோல் அமைந்த 6 கிதார்களைச் செய்வித்து, எது எந்த மரம் என்று தெரியாதவாறு 52 கிதார் கலைஞர்களிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். பிரேசிலிய ஈட்டி போன்ற விலையுயர்ந்த மரத்துக்கும் எளிய மரங்களுக்கும் கிடைத்த மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு இல்லை. குடைந்தெடுத்த முதுகு கொண்ட மாண்டலினை இதோடு அப்படியே ஒப்பிட முடியாதுதான். கெட்டியான மேப்பிள் கூர்மையையும் மென்மையான மேப்பிள் சற்றே தணிந்த ஒலியையும் தருவதை என் காது கேட்கிறது. ஆனால் மேப்பிளில் புலிவரிபோல் ஓடும் அலைரேகைக்காகக் கொடுக்கும் கூடுதல் விலை கண்ணுக்கானது மட்டுமே. 1910-களின் கிப்சன் ஏ வகைக் கருவிகள் பலவற்றின் முதுகு சாதாரண பிர்ச் மரம்; அவை இன்றும் இனிமையாக ஒலிக்கின்றன. வீணை பார்த்து வளர்ந்த நம் வாடிக்கையாளர்கள் பலாவைக் கேட்பதுண்டு. முதுகுக்குப் பலாவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. மேற்பலகைக்கு மட்டும் வேண்டாம். குறுகிய தந்தியில் எழும் மாண்டலினின் சட்டென்ற பேச்சுக்கு அதன் கனம் தடையாகிவிடும்.

இனி ஈரம். இதைப் பற்றித்தான் வாங்குபவர்கள் ஏறக்குறைய எவரும் கேட்பதில்லை. என்னிடம் பழுதுக்கு வரும் கருவிகளில் மிகுதியானவை இதனால்தான் வருகின்றன. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 45 சதவீதமாக உள்ள அறையில் வைத்த பலகை தன் எடையில் 8 முதல் 9 சதவீத ஈரத்தில் நிலைபெறும். சென்னையைப் போல 75 சதவீதம் உள்ள இடத்தில் அதுவே 14 சதவீதமாகும். குளிர்காலத்தில் கதகதப்பூட்டி வைத்த டொராண்டோ வீட்டில், காற்று 20 சதவீதத்துக்கு இறங்கும்போது, 5-க்கும் கீழே போய்விடும். சென்னையின் திறந்த பட்டறையில் ஒட்டி முடித்த, 25 சென்டிமீட்டர் அகலமுள்ள மேற்பலகை அந்த டொராண்டோ வீட்டில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். சுற்றிலும் ஒட்டப்பட்டிருப்பதால் அதற்குச் சுருங்க இடமில்லை. வளைவு சற்றுத் தாழ்ந்து ஓரளவுக்கு ஈடுகொடுக்கும். மிச்சம் வெடிப்பாக வரும். அப்படி வந்த ஒரு கருவியின் கழுத்தோரமாகக் கட்டைவிரலை ஓட்டினால் ஒவ்வொரு மெட்டின் முனையும் ரம்பப் பல்லாகக் கீறியது. விரல்பலகை சுருங்கி உலோகம் மட்டும் வெளியே நின்றிருந்தது. நடு இணைப்பை ஒட்டி, எஃப் துளையிலிருந்து கீழ்நோக்கி, மயிரிழை வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது.

எதிர்த்திசையிலும் துன்பம் உண்டு. வறண்ட ஊரில் செய்த கருவி நம் கடலோரத்துக்கு வந்தால் மேற்பலகை உப்பி, குதிரை உயர்ந்து, தந்தி விரலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கும். ஆகவே எந்த அளவு ஈரப்பதத்தில் கருவியை ஒட்டுகிறீர்கள் என்று கைவினைஞரிடம் கேளுங்கள். பட்டறைச் சுவரில் ஈரமானி தொங்குகிறதா என்று பாருங்கள். சென்னையிலேயே இருக்கப் போகும் கருவியை 50 சதவீதத்தை ஒட்டி முடிப்பது என் வழக்கம். வெளிநாட்டில் உள்ள பேரனுக்கோ மகளுக்கோ அனுப்புவதாக இருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஆக்சிஜன் குறைந்த சூட்டடுப்பில் வறுத்துப் பதப்படுத்திய ஸ்ப்ரூஸ் ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் நம் ஊருக்கு ஏற்றது. ஆனால் அது எளிதில் நொறுங்கும், குடைபவரின் கை பழகியிருக்க வேண்டும். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வஜ்ரப் பசையில் ஒட்டிய இணைப்புகளைப் பிற்காலத்தில் பழுதுக்காகப் பிரிப்பது எளிது. ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் அதே இணைப்புகள் நெகிழ்ந்துவிடும்.

ஈட்டி மரத்தைக் கேட்பவர்கள் ஆவணங்களையும் கேட்க வேண்டும். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையில் பிரேசிலிய ஈட்டி 1992 முதலே மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது. நம் ஈட்டி உட்பட, ஈட்டி மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினத்தின் மற்ற இனங்கள் அனைத்தும் 2017 ஜனவரி 2 முதல் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தாலும், பிரேசிலிய ஈட்டிக்கு அது பொருந்தாது. மரம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீதின் நகலைக் கருவியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கருங்காலியிலும் கவனம் தேவை: வெளிர்மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பது நடக்கிறது. விரல்பலகையின் கண்படாத ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்தால் பஞ்சு கறுக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் பேசி முடித்தபின் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது அவசியம். நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் ஏறி அமரும் கட்டையில்) கழுத்தின் அகலம், மெட்டுக் கம்பியின் பருமன், எந்தத் தடிமனுள்ள தந்திக்காக மேற்பலகை குடையப்படுகிறது, முன்பணம் எவ்வளவு, பலகை குடையும்போதே வெடித்தால் இழப்பு யாருடையது ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். தந்தியின் தடிமனை நான் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு: மெல்லிய தந்திக்காக மெலிதாகக் குடைந்த மேற்பலகையில் பிறகு கனத்த தந்தியை ஏற்றினால் குதிரையின் அடியில் அது மெல்ல அமிழத் தொடங்கும். புதிய கருவி முதல் ஆண்டில் தந்தியின் பளுவுக்கும் ஊரின் காற்றுக்கும் பழகி அமரும். அப்போது குதிரையின் உயரமும் கழுத்தின் நேர்மையும் மாறும். எனவே கோடையின் உச்சத்தில் ஒருமுறையும் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் கருவியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து சரிசெய்வதற்கான கூலியை விலையிலேயே சேர்த்துப் பேசி, அதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.