லாக் ஆனதாலேயே சிக்னல் தூய்மையாகிவிடாது
மீண்டும் ஒரு ரேடியோ போர்டு அதே குறையோடு ஆய்வுக்கு வந்திருக்கிறது. அதிர்வெண்ணை ஒரு நிலையான ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கும் லூப்பான பிஎல்எல் உடனுக்குடன் லாக் ஆகிறது, கேட்ட அதிர்வெண் பிசகாமல் கிடைக்கிறது. ஆனால் பக்கத்துச் சேனலில் வலுவான சிக்னல் தோன்றியதும் ரிசீவரின் உணர்திறன் சரிந்துவிடுகிறது. ஃபில்டரை மாற்றியிருக்கிறார்கள், முன்முனை ஆம்ப்ளிஃபையரையும் மாற்றியிருக்கிறார்கள். லாக் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் அந்த அதிர்வெண்ணை உருவாக்கும் விசிஓவை (மின்னழுத்தத்தால் அதிர்வெண் மாறும் ஆஸிலேட்டரை) மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை.

லாக் ஆகிவிட்டால் விசிஓவின் இரைச்சலை லூப் பார்த்துக்கொள்ளும் என்ற இந்த நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் அது அடுத்த போர்டில் திரும்பி வருகிறது. சராசரி அதிர்வெண் சரியாக இருக்கிறது என்பதற்கு மேல் லாக் எதையும் உறுதிசெய்வதில்லை. லூப் தன் பேண்ட்விட்துக்குள் வரும் அலைவுகளை மட்டுமே திருத்தும். லூப் பேண்ட்விட்த் 50 கிலோஹெர்ட்ஸ் என்றால், கேரியரிலிருந்து, அதாவது விசிஓ தரும் முதன்மை அதிர்வெண்ணிலிருந்து, 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளிய இடத்தில் விசிஓ கட்டுப்பாடே இல்லாமல் தனியாக ஓடுவதற்கு ஒப்பாகும். பக்கத்துச் சேனல் உங்களைத் தாக்குவது அங்கேதான்: அங்குள்ள இரைச்சலோடு கலந்து அது உங்கள் சேனலுக்குள் விழுகிறது. பேண்ட்விட்தைக் கூட்டினால் போயிற்று என்பார்கள். கூட்டினால், ரெஃபரன்ஸின் இரைச்சலும் விசிஓவை அதோடு ஒப்பிடும் ஃபேஸ் டிடெக்டரின் இரைச்சலும் அந்த அகலம் முழுவதும் வெளியே வரும். அதுவும், ஒப்பிடுவதற்காக விசிஓவின் அதிர்வெண்ணை வகுக்கும் எண் 10 மடங்கானால் 20 டெசிபெல் என்ற கணக்கில் பெருகி வரும். லூப்பால் கெட்ட ஆஸிலேட்டர் நல்லதாகிவிடாது. ரெசனேட்டரின் க்யூ மதிப்பும் (அதில் ஆற்றல் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதன் அளவு) சிக்னலின் திறனும் ஃபேஸ் நாய்ஸை (கேரியரின் இருபுறமும் பரவும் இரைச்சலை) எப்படித் தீர்மானிக்கின்றன என்பதைப் பொறியாளர் லீசன் 1966-லேயே எழுதிவிட்டார்.

இதன் மேல் ட்யூனிங் வீச்சு பற்றிய பேராசையும் சேர்ந்துகொள்கிறது. எல்லா அலைவரிசைகளையும் ஒரே வேரக்டரால் (மின்னழுத்தத்தால் கெபாசிட்டன்ஸ் மாறும் டையோடால்) எட்டிவிட வேண்டுமென்று வோல்ட்டுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் நகரும் விசிஓவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அறை வெப்பநிலையில் 1 கிலோஓம் ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்குச் சுமார் 4 நானோவோல்ட். அது வடிகட்டப்படாமல் ட்யூனிங் முனையை அடைந்தால், கேரியரிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, 1 ஹெர்ட்ஸ் அகலத்தில், கேரியருக்கு ஏறத்தாழ 111 டெசிபெல் கீழே நிற்கும் ஃபேஸ் நாய்ஸை அந்த ரெசிஸ்டர் ஒன்றே உண்டாக்கிவிடும். வோல்ட்டுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் மட்டும் நகரும் விசிஓவில் அதே ரெசிஸ்டரின் பங்கு இன்னும் 20 டெசிபெல் இறங்கும். ஆகவே அகன்ற வீச்சு வேண்டுமென்றால் சுவிட்ச் செய்யும் கெபாசிட்டர்களால் அதைப் பல துண்டுகளாகப் பிரியுங்கள். வேரக்டருக்கு ஒரு துண்டின் அகலத்தை மட்டும் கொடுங்கள். அடுத்தடுத்த துண்டுகள், வெப்பநிலையின் இரு எல்லைகளிலும் இடைவெளி விழாத அளவுக்கு, ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கட்டும்.

விசிஓவின் மின்வழங்கலை டிஜிட்டல் பகுதியோடு பகிர வேண்டாம் என்பதை இனியும் சொல்லிக்கொண்டிருக்கத் தேவை இருக்கக் கூடாது. சப்ளை வோல்ட்டுக்கு 1 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் நகரும் விசிஓவில், 500 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் 1 மில்லிவோல்ட் உச்ச அலைவு நுழைந்தால், கேரியரின் இருபுறமும் 60 டெசிபெல் கீழே பக்க அலைகள் முளைக்கும்; 50 கிலோஹெர்ட்ஸ் லூப்பால் அவற்றைத் தொட முடியாது. குறைந்த இரைச்சல் கொண்ட தனி எல்டிஓ (லீனியர் ரெகுலேட்டர்) கொடுங்கள். லூப் ஃபில்டரில் எக்ஸ்7ஆர் செராமிக் கெபாசிட்டர் வேண்டாம். போர்டு அதிரும்போது அது மின்னழுத்தத்தை உண்டாக்கி நேராக ட்யூனிங் கம்பியில் சேர்க்கும். அங்கே அப்படி மின்னழுத்தம் உண்டாக்காத சி0ஜி வகையைப் போடுங்கள்.

சோதிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வக மின்வழங்கியில், பவர் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவைத்து எடுத்த அளவீட்டை அறிக்கையில் சேர்க்காதீர்கள். போர்டின் சொந்த மின்வழங்கலில், ஆம்ப்ளிஃபையர் முழுத் திறனில் பர்ஸ்ட் பர்ஸ்ட்டாக ஒலிபரப்பும்போது, லூப் பேண்ட்விட்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஃபேஸ் நாய்ஸை அளந்து, அந்த வரைபடத்தை லேஅவுட் முடிவாவதற்கு முன்பே அனுப்பிவையுங்கள்.