சோலோவுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பதை நிறுத்துங்கள்

பைலட் பயிற்றுநரான எனக்குப் போன வாரம் ஒரு அம்மா போன் செய்தார். மகன் பைலட் பயிற்சிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. கூடச் சேர்ந்த பையன்கள் பயிற்றுநர் இல்லாமல் தனியாக ஓட்டி இறங்கி (இதைத்தான் சோலோ என்கிறோம்), தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட போட்டோ வரை வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, இவன் மட்டும் இன்னும் போகவில்லை. "சார், இவனுக்கு 26 மணி நேரம் ஆயிடுச்சாம், மத்தவங்க 16, 18லயே போயிட்டாங்களாம். எங்க பையன்கிட்ட ஏதும் குறை இருக்கா சார்?" என்று கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. நகையை அடகு வைத்து, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி அனுப்பிய குடும்பம். ஒரு மணி நேரம் பறக்க பத்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்றால் அந்தப் பயம் வரத்தான் செய்யும். அவருக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எல்லாருக்குமே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பணக் கணக்கு. நம் நாட்டில் வணிக பைலட் உரிமம் வாங்க மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் மாணவரே விமானத்தின் பொறுப்பாளராக இருந்து ஓட்டியிருக்க வேண்டும். மீதியில் பெரும்பகுதி எப்படியும் பயிற்றுநரோடு பறக்க வேண்டியதுதான். அதனால் ஒருவன் 16 மணி நேரத்தில் சோலோ போனாலும் 28 மணி நேரத்தில் போனாலும், அந்த 12 மணி நேரம் அதே 200க்குள்தான் விழுகிறது. தனியாகக் கூடுதல் செலவு என்று பயப்பட வேண்டாம். இதைத் தெளிவாகச் சொல்லாத பயிற்சிப் பள்ளிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

அப்புறம் இந்த மணிக் கணக்கு எதையெல்லாம் பொறுத்தது என்று பாருங்கள். ஜூனில் சேர்ந்தவனுக்கு மழை, மேகம் என்று பத்து நாள் பறக்கவே முடியாது. பதினோராம் நாள் வந்து உட்கார்ந்தால் கை மறந்திருக்கும், முதல் ஒரு மணி நேரம் பழையதை மீட்பதிலேயே போய்விடும். நவம்பரில் சேர்ந்தவனுக்கு வானம் தினமும் தெளிவு, ஒரே விமானம், ஒரே பயிற்றுநர். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சில மாணவர்கள் ஜே.ஆர்.டி. டாட்டாவைச் சொல்வார்கள், பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே 1929 பிப்ரவரி 10 அன்று உரிமம் வாங்கிவிட்டாரே என்று. வாங்கினார், உண்மை. ஆனால் அன்றைய பம்பாய் வானத்தில் எத்தனை விமானங்கள் பறந்திருக்கும்? இன்று சர்க்யூட்டில், அதாவது கிளம்பி ரன்வேயைச் சுற்றி வந்து மறுபடி இறங்கும் பாதையில், முன்னால் ஒரு விமானம், பின்னால் இரண்டு, கட்டுப்பாட்டு டவர் இங்கிலீஷில் வேகமாகப் பேசுகிறது, இவ்வளவையும் காதில் வாங்கிக்கொண்டே ஓட்ட வேண்டும்.

சரி, சோலோ அனுப்பும்போது நான் உண்மையில் என்ன பார்க்கிறேன்? அழகான லேண்டிங்கை அல்ல. வெண்ணெய் மாதிரி இறக்குகிற பையன்களை நிறுத்தி வைத்திருக்கிறேன், சுமாராக இறக்குகிறவர்களை அனுப்பியும் இருக்கிறேன். நான் காத்திருப்பது ஒரே ஒரு விஷயத்துக்கு: அப்ரோச் (இறங்குவதற்காக ரன்வேயை நோக்கி வருவது) கெட்டுப்போனதை அவர்களே கண்டுபிடித்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர்களே எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளி "கோ அரவுண்ட்" என்று சொல்கிறார்களா? அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறி இன்னொரு சுற்று வருவது. அதைக் குறைந்தது மூன்று நான்கு தடவையாவது, வெவ்வேறு நாட்களில், நான் சொல்லாமல் செய்திருக்க வேண்டும்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், சோலோ அன்று விமானமே வேறு மாதிரி நடந்துகொள்ளும். இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானமான செஸ்னா 152 அதிகபட்சம் 757 கிலோவோடு கிளம்பலாம். நான் 80 கிலோ. நான் இறங்கிவிட்டால் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. விமானம் சீக்கிரமே தரையை விட்டு எழும்பும், வழக்கமாக 1000 அடியைத் தொடும் இடத்துக்கு முன்பாகவே தொட்டுவிடும், இதெல்லாம் மாணவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். சிக்கல் இறங்கும்போது. அதே 60 நாட் (விமான வேகத்தை அளக்கும் அலகு) வேகத்தில் வந்தாலும் ரன்வேக்கு மேலே தரைதொடாமல் மிதந்துகொண்டே போகும். பதற்றத்தில் வேகம் 70ஐத் தொட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். வேகம் 10 நாட்தான் கூடியிருக்கிறது, ஆனால் கரைக்க வேண்டிய ஆற்றல் 36 சதவீதம் கூடிவிடுகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது.

இந்த மிதக்கும் இடத்தில்தான் தப்பு நடக்கிறது. ரன்வே தீர்ந்துகொண்டே வருகிறது, பக்கத்து சீட்டில் ஆள் இல்லை, "எப்படியாவது இறக்கிவிடலாம்" என்று கை மூக்கைக் கீழே இறக்க யோக்கை (ஸ்டீயரிங் மாதிரியான பிடி) முன்னால் தள்ளுகிறது. முன்சக்கரம் முதலில் தரையில் மோதுகிறது. விமானம் எகிறுகிறது. எகிறியதும் பயத்தில் மறுபடி தள்ளுகிறார்கள், இந்த முறை இன்னும் பலமாக மோதுகிறது. மூன்றாவது மோதலில் பெரும்பாலும் முன்சக்கரத்தின் கால் தாங்காது, ப்ரொப்பெல்லர் தரையில் அடிபடும். முதல் எகிறலிலேயே த்ராட்டிலைத் தள்ளிக் கிளம்பியிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இது கண் முன்னால் நடந்தது. மாதத்துக்கு எத்தனை பேர் சோலோ போனார்கள் என்று பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். மாதக் கடைசி. மே மாத வெயில், மதியம் மூன்று மணிக்கு ஒரு பையனை அனுப்பினார்கள், அனுப்பியது வேறொரு பயிற்றுநர். காற்று நிமிடத்துக்கு ஒரு திசையில் அடித்தது. 40 டிகிரி வெயிலில் கடல் மட்டத்து ரன்வேகூட விமானத்துக்கு ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான், எஞ்சின் இழுக்காது, இறக்கைக்கும் அதே தாங்கல் கிடைக்காது. பையன் மூன்று தடவை எகிறினான். ரன்வே ஓரத்தில் புல்லில் முன்சக்கரம் மடங்கி விமானம் நின்றது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் ஆறு மாதம் காக்பிட் பக்கமே வரவில்லை. எனக்கு இன்றும் உறுத்துவது என்னவென்றால், காலை ஏழு மணிக்கு அனுப்பியிருந்தால் அவன் நல்லபடியாக இறங்கியிருப்பான். அன்று நான் ஆபரேஷன்ஸ் அறைக்குப் போய்த் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. அதன்பிறகு முதல் சோலோவைக் காலையில் மட்டும்தான் அனுப்புகிறேன், காற்று எவ்வளவு அமைதியாக இருந்தாலும் மதியத்தில் கிடையாது.

இன்னொரு ஆபத்தான இடம் ஃபைனலுக்கு, அதாவது ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிப் பகுதிக்கு, திரும்பும் திருப்பம். திருப்பத்தைக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கி ரன்வே நேர்கோட்டைத் தாண்டிவிட்டால், மாணவர் செய்யும் முதல் வேலை இன்னும் அதிகமாகச் சாய்த்து இழுத்துப் பிடித்துத் திருப்புவதுதான், கூடவே வாலைத் திருப்பும் ரட்டர் பெடலையும் மிதிப்பார்கள். உயரம் இழக்காமல் 30 டிகிரி சாய்வில் திரும்பினால் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை தாங்கலை இழக்கும்) ஏழெட்டு சதவீதம்தான் கூடும், 60 டிகிரிக்குப் போனால் 41 சதவீதம் கூடிவிடும். அந்தக் குறைந்த உயரத்தில் ஸ்டால் ஆகி ஸ்பின்னுக்குள் (சுழன்றபடி விழுவது) போனால் மீள்வதற்கு இடமே இல்லை. இதற்கும் அதே மருந்துதான். கோட்டைத் தாண்டிவிட்டாயா, இறக்கையை நேராக்கு, த்ராட்டிலைத் தள்ளு, மேலே ஏறு, இன்னொரு சுற்று வா. பெட்ரோல் இருக்கிறது, நேரம் இருக்கிறது, டவர் ஒன்றும் திட்டாது.

ஆனால் மாணவர்கள் மனதில் கோ அரவுண்ட் என்றால் தோற்றுப்போனது என்று பதிந்திருக்கிறது. ஹாஸ்டலில் சாப்பிடும்போது "என்னடா, கோ அரவுண்ட் போட்டியாமே" என்று கிண்டல் செய்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். இந்தக் கிண்டலுக்குப் பயந்துதான் ஒருவன் கெட்டுப்போன அப்ரோச்சைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு வருவான்.

சோலோ நாளை நான் முன்கூட்டியே சொல்வதில்லை. சொன்னால் முந்தின இரவு தூங்க மாட்டார்கள், காலையில் சாப்பிடவும் மாட்டார்கள். இரண்டு மூன்று சர்க்யூட் கூடப் பறந்து பார்த்துவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கிவிடுவேன். இறங்குவதற்கு முன்னால் என் சீட் பெல்ட்டை இறுக்கமாகக் கட்டி வைப்பேன், ஹெட்செட்டையும் எடுத்துக்கொள்வேன், தொங்கும் பெல்ட்டோ வயரோ வலப்பக்க யோக்கில் சிக்கினால் தனியாக இருக்கும் மாணவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு நான் பேசுவது மிகக் குறைவு. ஒரு சர்க்யூட், ஒரு லேண்டிங், முழுதாக நிறுத்து, பிடிக்கவில்லை என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்று. அவ்வளவுதான். அந்த நேரத்தில் புதிதாக எதையும் சொல்லித் தரக் கூடாது.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சளியை மறைக்காதீர்கள். மூக்கு அடைத்திருக்கும்போது மேலே ஏறி இறங்கினால் காது அடைத்து வலி தாங்க முடியாமல் போகும், அந்த வலியோடு ஃபைனலில் வேகத்தைப் பார்க்க முடியாது. "இன்னைக்கு சொல்லிட்டா சோலோ தள்ளிப் போயிடும் சார்" என்று மறைத்த பையனை எனக்குத் தெரியும், கீழே இறங்கும்போது கண்ணில் நீர் வழிந்தது, நல்லவேளை அன்று நான் பக்கத்தில் இருந்தேன். வீட்டில் சண்டை, தேர்வில் தோல்வி, தூக்கமில்லை, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். தள்ளி வைத்ததற்காக நான் யாரையும் குறைவாக மதிப்பிட்டதில்லை.

தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி. 31 மணி நேரம் ஆகியிருந்தது, அந்த பேட்ச்சில் கடைசி. அவளுக்கே வெட்கமாக இருந்தது, என்னிடம் சொல்லவில்லை, ஆனால் மெஸ்ஸுக்குக் கடைசியாக வந்து தனியாகச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். டிசம்பரில் ஒரு காலை, காற்றே இல்லை. நான் இறங்கிக் கையடக்க ரேடியோவோடு ரன்வே ஓரத்தில் நின்றேன். சர்க்யூட் அழகாக வந்தது, டவுன்விண்டில் (ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் பகுதி) ரேடியோவில் குரல் தெளிவாக இருந்தது. ஃபைனலில் கொஞ்சம் உயரம், கொஞ்சம் வேகம். ரன்வேக்கு மேலே வந்து மிதக்க ஆரம்பித்தது, ரன்வேயிலிருந்து வெளியேறும் முதல் டாக்சிவேயைத் தாண்டியது, இன்னும் சக்கரம் தொடவில்லை. ரேடியோ பட்டன் மேல் என் விரல் இருந்தது, அழுத்தவில்லை. எஞ்சின் சத்தம் ஏறியது. ஃபிளாப்ஸ் (இறக்கையின் பின்னால் கீழே இறங்கும் தகடுகள்) முதலில் 20 டிகிரிக்கு வந்தது, விமானம் நேராக வேகம் பிடித்தது, அப்புறம்தான் ஏறியது, சொல்லிக்கொடுத்த வரிசை ஒன்றுகூட மாறவில்லை. "கோயிங் அரவுண்ட்" என்று டவரிடம் சொன்ன குரலில் நடுக்கமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது அப்ரோச்சில் சரியான இடத்தில் தொட்டாள், கொஞ்சம் பலமாகத்தான் தொட்டாள், இருக்கட்டும்.

இறங்கி வந்தவுடன் "சாரி சார், முதல் தடவை விட்டுட்டேன்" என்றாள். "ஏன்மா போனே?" என்று கேட்டேன். "பாதி ரன்வே தாண்டிடுச்சு சார், நீங்க பக்கத்துல இருந்தா என்ன சொல்வீங்கன்னு யோசிச்சேன்" என்றாள். பயிற்சிக் குறிப்பில் அதை அப்படியே எழுதி வைத்தேன். மற்றவர்கள் லாக்புக்கில் முதல் சோலோ 10 நிமிடம் என்று இருக்கும், அவளுடையதில் 17 நிமிடம்.

அந்த அம்மாவிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். பையனிடம் எத்தனை மணி நேரம் ஆச்சு என்று கேட்காதீர்கள், இந்த வாரம் கோ அரவுண்ட் எப்போது போனாய், ஏன் போனாய் என்று கேளுங்கள், அவன் விளக்குவான், உங்களுக்கும் புரியும். அவர் அந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். பையன் சோலோ போன பிறகும் இதையே கேட்கச் சொன்னேன், ஏனென்றால் இரண்டாவது, மூன்றாவது சோலோவில்தான் பயம் குறைந்து கவனம் தளர்வதைப் பார்க்கிறேன். அதனால் தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலை நான் மறுபடி வலப்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்து, மாணவரோடு கூடவே ஒரு சர்க்யூட் போய்விட்டுத்தான் அடுத்த சோலோவுக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.