பலசரக்குச் சிட்டையும் நாலு மணிப் பசியும்

பாளையங்கோட்டையில் உணவியல் ஆலோசகராகப் பதினெட்டு ஆண்டுகளாக இருந்துவருகிறேன். முதன்முறை வருபவர்களிடம் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன். இரண்டு இட்லி, கொஞ்சம் சோறு, நிறையக் காய், ராத்திரிக்குக் கோதுமைத் தோசை என்று பரீட்சைக்குப் படித்துவந்தவர்களைப் போல ஒப்பிப்பார்கள். அது எனக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நினைக்கும் பதிலே தவிர, அவர்கள் வீட்டுச் சாப்பாடு அன்று. ஆகவே அடுத்த முறை வரும்போது, அந்த மாதத்துப் பலசரக்குச் சிட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்கிறேன். சிட்டைக்கு என்னிடம் கூச்சம் கிடையாது.

சென்ற ஆண்டு ஒரு தம்பதி வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன். கணவருக்குச் சர்க்கரை நோய் வந்து நான்கு ஆண்டுகள், மனைவிக்கு இரத்தசோகை, பத்து வயதில் ஒரு பையன், வயதான மாமியார். கணவரோடு வந்திருந்த அந்த அம்மா மடித்து வைத்திருந்த சிட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். அரிசியும் துவரம்பருப்பும் ரேஷன் கடையில் வாங்குவதால் அவை சிட்டையில் இல்லை. இருந்தவை: எண்ணெய் ஐந்து லிட்டர், மூன்று வகை பிஸ்கட், மிக்சர் ஒரு கிலோ, நூடுல்ஸ் பன்னிரண்டு பொட்டலம், பையனுக்குப் பாலில் கலக்கும் சத்துப் பவுடர் இரண்டு டப்பா, 'சர்க்கரைக்காரர்களுக்கு' என்று அட்டையில் அச்சிட்ட ரஸ்க், குளிர்பானம் இரண்டு பெரிய பாட்டில். பயறு, கடலை என்று ஒரு வரிகூட இல்லை. தொகையைக் கூட்டிப் பார்த்தபோது, மாதச் செலவில் பாதிக்கு மேல் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே தின்கிற பண்டங்களுக்கே போயிருந்தது.

இதில் அவர்களை மட்டும் குறைசொல்ல ஒன்றுமில்லை. நான் பார்க்கும் சிட்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. மூன்று வேளைச் சாப்பாட்டைப் பற்றி மருத்துவர்களும் நாங்களும் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறியும் நேரத்தில், கணவர் வேலையிலிருந்து சோர்ந்து வரும் நேரத்தில், காப்பியோடு வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டுமே என்று வீடே எதிர்பார்க்கும் அந்த நாலு மணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'இதைத் தின்னாதே, அதைத் தின்னாதே' என்று எழுதிக்கொடுக்கும் தாள் அந்த நேரத்தில் செல்லாது. எடுத்த இடத்தில் வேறொரு ருசியை வைக்காத எந்த உணவுத் திட்டமும் என் அனுபவத்தில் மூன்று வாரத்துக்கு மேல் நின்றதில்லை. அந்த ருசியை வீட்டிலேயே, வாங்குவதைவிடக் குறைந்த செலவில் வைக்க முடியும் என்பதுதான் நான் சொல்லவந்தது.

முதலில் அந்தப் பவுடர் டப்பாவை எடுத்துக்கொள்வோம். 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. அதனால் இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பின்கீழ் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாகத்தான் அச்சிட வேண்டும். சர்க்கரை அந்த வரிசையில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சேர்த்த சர்க்கரை 100 கிராமுக்கு 30 கிராம் என்று போட்டிருந்தால், 25 கிராம் பவுடர் போட்ட ஒரு தம்ளரில் ஏழரை கிராம் வரும். காலையும் மாலையும் குடித்தால் 15. அம்மா ஆசையாகத் தம்ளருக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டால் மொத்தம் 25 கிராம். வளர்ந்த ஒருவர் நாள் முழுவதும் இதற்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். பையனோ அதைப் பாலிலேயே முடித்துவிடுகிறான்.

இதற்கு மாற்றாக நான் எழுதிக்கொடுக்கும் சத்துமாவு எளியது. அரைக் கிலோ கேழ்வரகைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் நிழலில் நன்றாக உலர்த்திக்கொள்ள வேண்டும். பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை ஆகியவை ஒவ்வொன்றிலும் 100 கிராம் போதும். பொட்டுக்கடலையை லேசாகச் சூடுகாட்டினால் போதும். மற்றவற்றைத் தனித்தனியாக வறுக்க வேண்டும், ஏனென்றால் ஒன்று சிவக்கும் நேரத்தில் மற்றொன்று கருகிவிடும். ஆறியபின் நான்கு ஏலக்காயோடு மாவு மில்லில் கொடுத்துத் திரிக்கலாம். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120. தானியத்திலுள்ள பைட்டேட் என்னும் பொருள் அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டுவது அந்தப் பிடியைத் தளர்த்தத்தான். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சுருங்கிய, நிறம் மாறிய வேர்க்கடலையை இரக்கமில்லாமல் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பூசணம் பிடித்த கடலையில் உண்டாகும் நஞ்சு வறுத்தாலும் முழுவதாகப் போகாது. ஒரு மாதத்துக்கு மேல் வரும்படி திரித்து வைக்கவும் வேண்டாம்; கடலை எண்ணெய் காறிப்போகும். சர்க்கரை நோயாளிகள் இந்தக் கஞ்சியை அளவில்லாமல் குடிக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. நைசாகத் திரித்த எந்த மாவும் இரத்தத்தில் வேகமாகத்தான் ஏறும்.

இனி நாலு மணி. ராத்திரி படுக்கப்போகும்முன் 200 கிராம் கொண்டைக்கடலையை ஊறப்போட்டால், மறுநாள் மாலை நான்கு பேருக்குச் சுண்டல் ஆயிற்று. ஆளுக்கு ஒன்பது, பத்து கிராம் புரதம் கிடைக்கும். அதே எடை பிஸ்கட்டில் அதில் பாதிகூடத் தேறாது. சுண்டல் பிடிக்காது என்று சொல்லும் பிள்ளைகள் பலருக்கு உண்மையில் பிடிக்காதது, அவசரத்தில் அரைவேக்காடாக இறக்கித் தாளித்துவைத்த சுண்டல். இரு விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை, கிள்ளிய மிளகாய் வற்றல். இறக்கியபின் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், மாங்காய்க் காலத்தில் பொடியாக அரிந்த கிளிமூக்கு மாங்காய். அந்த மாங்காய் ருசிக்காக மட்டுமில்லை. பயறுகளிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி துணைசெய்கிறது. எலுமிச்சை பிழிந்தாலும் அதே பயன்தான். சுண்டலோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் அந்தப் பயன் குறைந்துவிடும். இரத்தசோகை உள்ளவர்கள் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது நல்லது.

தினமும் சுண்டல் என்றால் யாருக்கும் சலிக்கும். அவித்த வேர்க்கடலை, பொரியும் பொட்டுக்கடலையும், மார்கழி தை மாதங்களில் மஞ்சள்பொடியும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்கு, திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை என்று எங்கள் பக்கத்துக்கு மாற்றுகள் நிறைய உண்டு. குருத்தோலைக்குள் அரிசிமாவையும் கருப்பட்டியையும் திணித்து ஆவியில் வேகவைத்து, அவிழ்க்கும்போது எழும் அந்த ஓலை மணத்துக்கு எந்தப் பொட்டலமும் ஈடாகாது. ஆனால் கருப்பட்டி விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோரையும் போல எனக்கும் பெருமைதான்; அதற்காக அது சர்க்கரை நோயாளிக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. கருப்பட்டியின் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். "சீனியை விட்டுட்டோம்மா, இப்பம் கருப்பட்டிக் காப்பிதான்" என்று மூன்று வேளையும் குடித்துவிட்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏன் இறங்கவில்லை என்று கேட்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள்.

பழைய சோற்றைப் பற்றியும் இப்படி ஒரு தெளிவு தேவைப்படுகிறது. ஓர் இரவு புளித்ததும் சோற்றின் இரும்புச் சத்து இருபது மடங்குக்கு மேல் பெருகிவிடும் என்று ஒரு செய்தி கைப்பேசிகளில் வெகுகாலமாகச் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரும் அதைப் புதிதாக உண்டாக்க முடியாது. சோற்றிலும் தண்ணீரிலும் பாத்திரத்திலும் இருந்ததுதான் இருக்கும்; புளித்தலால் அதில் உடலுக்குக் கிட்டும் பங்கு கொஞ்சம் கூடலாம். இவ்வளவு மிகையாகச் சொல்லாமலேயே பழைய சோறு நல்ல உணவுதான்: மிஞ்சிய சோறு வீணாவதில்லை, காலையில் அடுப்பு மூட்ட வேண்டாம், வெயில் காலத்தில் நீருக்கு நீரும் ஆயிற்று. சோற்றைச் சட்டியிலேயே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக விட்டுவைப்பதுதான் ஆபத்து. வெந்த சூட்டிலும் சாகாத சில கிருமி வித்துகள் அந்தச் சூட்டில் முளைத்து வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். ஆறியதும் நல்ல தண்ணீரில் முங்க ஊற்றி மூடிவைத்து, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். நூல் இழுத்தாலோ வாடை மாறினாலோ கொட்டிவிட வேண்டியதுதான். சர்க்கரை நோயாளிகளுக்கு இதுவும் சோற்றுக் கணக்கிலேயே சேரும். சோறு ஒரு கை, சின்ன வெங்காயமும் மோரும் இரண்டு கை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே சட்டியில் முடியும் சாப்பாடாக நான் அதிகம் எழுதிக்கொடுப்பது கூட்டாஞ்சோறு. ரேஷன் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாரம் முழுவதும் சாம்பாரில் கரைத்து நீர்க்கவிடுவதைவிட, இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பாகக் கூட்டாஞ்சோற்றில் போட்டால் தட்டில் பருப்பு கண்ணில் தெரியும். கத்தரிக்காய், வாழைக்காய், அவரைக்காய் என்று கூடையின் அடியில் ஒன்றிரண்டாக மிஞ்சிக் கிடப்பவை எல்லாம் அதில் சேரும். தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல் அரைத்து விட்டு, இறக்கும் முன் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை போட வேண்டும். மிக்சி ஜாரைக் கழுவிய தண்ணீரையும் சட்டியிலேயே ஊற்றுவது என் அம்மாவின் வழக்கம். எனக்கும் அதுவே தொற்றிக்கொண்டது. அடியில் பிடித்த காந்தலைச் சுரண்ட எங்கள் வீட்டில் இன்றும் சண்டை நடக்கிறது. வெண்ணெய் உருக்கும் அன்று அதைவிடப் பெரிய சண்டை: நெய்யை வடித்தபின் சட்டியில் முருங்கை இலையும் கசடும் ஒட்டியிருக்கும், அதிலேயே சுடுசோற்றைப் போட்டு, கல் உப்பு இரண்டு பரல் தூவிப் பிசைந்து, ஆளுக்கோர் உருண்டையாகக் கையில் வைப்பார்கள். உணவியல் ஆலோசகர் நெய்ச் சோற்றைப் புகழலாமா என்று கேட்பவர்களுக்கு: சட்டியில் ஒட்டியிருந்தது தேக்கரண்டிக் கணக்கு, மிக்சரில் ஊறியிருப்பது அப்படி அன்று.

வீட்டில் செய்தது என்பதால் எல்லாமே நல்லதாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கூழ்வற்றல், அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு எல்லாம் உப்பினால் நிற்பவை. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது பரிந்துரை. அது ஒரு தேக்கரண்டி. இரத்த அழுத்தம் உள்ளவர் தொட்டுக்கொள்ள இரண்டு வகை ஊறுகாய் வைத்திருந்தால் அந்தக் கரண்டி மதியத்திலேயே நிரம்பிவிடும். சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் இன்னொரு தவறு, பொரித்த எண்ணெயை எடுத்துவைத்து மறுபடி மறுபடி பொரிப்பது. கடைகளில் இப்படிக் காய்ந்து கெடும் எண்ணெய்க்கு 2018 முதல் சட்டப்படி ஓர் அளவு விதித்திருக்கிறார்கள், சோதிக்கக் கருவியும் உண்டு. வீட்டில் கருவி ஏது? சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரித்து, மிஞ்சியதை இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுவதே சரி. மொத்தத்தில் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதையே முழுதும் நம்பாமல் கடலெண்ணெயையோ நல்லெண்ணெயையோ மாற்றி மாற்றிப் பயன்படுத்தச் சொல்கிறேன்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா, "எல்லாஞ் சரிதாம்மா, யாரு செய்ய?" என்றார். என் தொழிலில் நான் கேட்ட கேள்விகளிலேயே நியாயமான கேள்வி அதுதான். அவர் காலை எட்டரைக்கு ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறவர். வீட்டுச் சமையலின் சிக்கனத்தைப் பேசுகிறவர்கள், அதில் கணக்கில் வராத ஒரு கூலி இருப்பதையும், அதைப் பெரும்பாலும் ஒருவரே கொடுத்துக்கொண்டிருப்பதையும் மறந்துவிடுகிறோம். ஆகவே அன்று உணவுத் தாளை இரண்டாகப் பிரித்து எழுதினேன். கடலை ஊறப்போடுவது, காலையில் குக்கரில் ஏற்றுவது, மாவு மில்லுக்குப் போய்வருவது கணவருக்கு. வேர்க்கடலை பொறுக்குவது மாமியாருக்கும் பையனுக்கும். தாளிப்பதும் கூட்டாஞ்சோறும் மட்டும் அவருக்கு. கணவர் தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது சிட்டையை அவர்தான் எடுத்து நீட்டினார். எண்ணெய் மூன்று லிட்டருக்கு இறங்கியிருந்தது. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டாம்பயறு என்று மூன்று புது வரிகள் வந்திருந்தன, நூடுல்ஸ் நான்கு பொட்டலமாகியிருந்தது, ரஸ்க் இல்லை. பவுடர் டப்பா ஒன்று மட்டும் இருந்தது. பையன் ஒரே பிடியாக நிற்கிறானாம். அதில் சீனி மட்டும் சேர்க்க வேண்டாம் என்று எழுதினேன். மிக்சர் அரைக் கிலோ இன்னும் இருக்கிறதே என்று விரலை வைத்தபோது, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது அத்தைக்கு" என்றார் அந்த அம்மா. அத்தைக்கு எண்பத்தொரு வயது, நோய் ஒன்றும் இல்லை, பல் நான்குதான் மிச்சம். மோரில் ஊறவைத்துச் சாப்பிடுகிறாராம். அந்த வரியை நான் அடிக்கவில்லை.