கன்ட்ரோலரின் சாவி யார் கையில்? பினாங்குக் கடைவீடுகளுக்கு வைஃபை போடும் முன்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளுக்கு முகப்பு குறுகல், ஆழம் அதிகம். நடுவில் முற்றம், அதைத் தாண்டினால் கனத்த செங்கல் சுவர், அதற்கும் பின்னால் அடுப்படி. கல்லாவுக்கு மேல் மாட்டிய ரவுட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அதன் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அடுப்படிக்குப் போய்ச் சேருவதற்குள் ஓய்ந்துவிடும். அதனால் பின்கட்டுக்கு ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வரும் இணையத்தை அங்கே வைஃபையாகப் பரப்பும் கருவி, வேண்டும். மாடியில் டியூஷன் நடந்தால் அங்கே இன்னொன்று.

இரண்டு என்றால் தனித்தனியாகவே அமைத்துக்கொள்ளலாம். அதற்குக் கன்ட்ரோலர் (எல்லா ஆக்சஸ் பாயிண்டுகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கருவி அல்லது மென்பொருள்) வாங்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். நான்கைத் தாண்டினாலோ, வாடிக்கையாளருக்குத் தனி வைஃபை வேண்டுமென்றாலோ கன்ட்ரோலர் இல்லாமல் சமாளிப்பது வீண்பாடு.

தனியாக அமைக்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கோளாறு வருகிறது. பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக்கும்போது அதன் அமைப்புப் பக்கத்தில் ஏபி மோட் (ஆக்சஸ் பாயிண்டாக மட்டும் இயங்கும் முறை) இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கணினியை அதோடு நேரடியாக இணைத்து, அதன் ஐபி முகவரியை (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணை) மாற்றுங்கள்: முதன்மை ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. முதன்மை ரவுட்டர் மற்ற கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரி வரிசைக்குள் இந்த எண் வரக்கூடாது. அடுத்து, கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வசதியை இதில் நிறுத்துங்கள். முதன்மை ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை வான் (WAN) துளையில் அல்ல, லான் (LAN) துளையில் செருகுங்கள். அமைப்பு எதையும் மாற்றாமல் வானில் செருகினாலும் பெரும்பாலும் இணையம் வரும், அதுதான் ஏமாற்றும். பின்கட்டு தனி வலையமைப்பாகிவிடுவதால், கல்லாக் கணினி அனுப்பும் ஆர்டர் அடுப்படி பிரிண்டருக்குப் போகாது. லானில் செருகிவிட்டு டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இன்னும் மோசம். சில போன்கள் தவறான ரவுட்டரிடம் முகவரி வாங்கிக்கொண்டு, வைஃபை இருந்தும் இணையம் இல்லாமல் நிற்கும். பக்கத்து மேசையில் எல்லாம் சரியாக ஓடும். பழியோ இணைய நிறுவனத்தின் மேல் விழும்.

பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சேனல், அதாவது அலைவரிசைக்குள் ஒவ்வொன்றும் பயன்படுத்தும் பாதை, மட்டும் வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 36, மற்றதற்கு 149. இடைப்பட்ட சேனல்கள் பலவற்றில் ரேடார் சைகை கேட்டால் ஆக்சஸ் பாயிண்ட் உடனே விலகி, 30 நிமிடம் அந்தப் பக்கம் வரக்கூடாது. நாட்டு அமைப்பில் மலேசியா என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அலை வலிமையை முழுதாக வைக்காதீர்கள். போனுக்கு ஆக்சஸ் பாயிண்டின் குரல் கேட்கும். போனின் மெல்லிய குரல் அதற்கு எட்டாது. கோடுகள் நிறைந்திருக்கும், வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் அறுந்து அறுந்து கேட்கும்.

கன்ட்ரோலர் வேகத்தைக் கூட்டாது. எந்த ஆக்சஸ் பாயிண்டோடு ஒட்டுவது என்பதை அப்போதும் போன்தான் தீர்மானிக்கிறது. கன்ட்ரோலர் செய்வது வேறு: கடவுச்சொல்லை ஒரே இடத்தில் மாற்றலாம், சேனல்களை ஒழுங்குபடுத்தலாம், நடந்துகொண்டே பேசுபவரின் இணைப்பு மாறும்போது ஏற்படும் தாமதத்தைக் குறைக்கலாம். அது அணைந்தால் என்ன ஆகும் என்பதை வாங்குமுன் கேளுங்கள். சிலவற்றில் வைஃபை தொடர்ந்து ஓடும், விருந்தினர் நுழைவுப் பக்கம் மட்டும் நிற்கும். போக்குவரத்து முழுவதும் கன்ட்ரோலர் வழியாகப் போகும் அமைப்பில் எல்லாமே நின்றுவிடும்.

விருந்தினர் வைஃபை பெயர் தெரிகிறது, ஆனால் போனுக்கு முகவரி கிடைக்கவில்லை என்றால் ஆக்சஸ் பாயிண்டைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் கேபிள்களை ஒன்றிணைக்கும் சுவிட்சில், அந்த ஆக்சஸ் பாயிண்ட் செருகிய துளையில் விருந்தினர் விலானை (ஒரே கேபிளில் பிரித்து ஓடும் தனி வலையமைப்பை) சேர்க்காமல் விட்டிருப்பார்கள்.

மின்சாரக் கணக்கையும் முன்பே போடுங்கள். கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் பிஓஇ சுவிட்சின் ஒரு துளை ஏஎஃப் வகையில் 15.4 வாட், ஏடி வகையில் 30 வாட் வரை தரும். ஆனால் எல்லாத் துளைகளுக்கும் சேர்த்து சுவிட்ச் தரக்கூடிய மொத்த அளவு தனி. மொத்தம் 60 வாட் உள்ள சுவிட்சில் 20 வாட் வரை இழுக்கும் ஆக்சஸ் பாயிண்டுகள் நான்கைச் செருகினால் காலையில் ஓடும், கூட்டம் கூடும் மாலையில் ஒன்று அணைந்து அணைந்து எழும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளும் இதே தொல்லையைத் தரும். முழுச் செம்பு கேட் 6 கேட்டு வாங்குங்கள்.

இனி முக்கியமான விஷயம். அமைத்துக் கொடுத்தவரின் மடிக்கணினியிலோ அவருடைய கணக்கிலோ கன்ட்ரோலர் இருந்தால், அவர் தொடர்பு அறுந்த நாளிலிருந்து உங்கள் வைஃபையில் ஓர் எழுத்தைக்கூட நீங்கள் மாற்ற முடியாது. ஏணி வைத்து ஏறி, ஒவ்வொன்றின் ரீசெட் துளையிலும் ஊசியை விட்டு அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். கடைசித் தவணையைக் கொடுக்குமுன் உரிமையாளர் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா, கருவிகளின் கடவுச்சொல் எழுத்தில் வந்ததா, பேக்அப் கோப்பு உங்கள் பென்டிரைவில் இருக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலர் உங்கள் கடையிலேயே ஓடினால் அதற்கு மாறாத முகவரி கொடுக்கச் சொல்லுங்கள். முகவரி மாறினால் ஆக்சஸ் பாயிண்டுகள் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும், திரையில் அத்தனையும் துண்டிக்கப்பட்டதாகக் காட்டும்.