அத்திவாரம் வெட்ட முன், பங்கர் எங்கே இருந்தது என்று கேளுங்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீடு. கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை, குசினி மூலையில் சுவர் சரிவாக வெடித்து, கதவும் இறுகிவிட்டது. சீமெந்து சரியில்லை, மேசன் சரியில்லை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அத்திவாரத்தின் ஓரமாகத் தோண்டிப் பார்த்தேன். உக்கிப்போன பனங்குற்றி வந்தது. அதைக் கண்டதும் வீட்டு அம்மா சொன்னார்: "ஓம் தம்பி, இதிலதானே எங்கட பங்கர் இருந்தது." வீட்டுக்குப் படம் கீறிய நேரம் அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

போர்க்காலத்தில் பொம்மருக்கும் ஷெல்லுக்கும் பயந்து வளவுக்கு வளவு பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டிய ஊர்கள் இவை. அனேகமானவை ‘ட’ வடிவம். வாசலால் சிதறுதுண்டு வந்தாலும் மடக்கில் நின்றுவிடும். மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண்மூட்டை. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும்கூட பங்கருக்குக் கூரையாயின. வலிகாமத்தில் கல் மேலேயே கிடப்பதால் பல இடங்களில் ஆழமாக வெட்ட முடியவில்லை. வன்னி மண்ணில் ஆழமாக வெட்டினார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் வெட்ட வெட்டச் சரிந்தது, சேலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பிச் சுற்றிவர அடுக்கினார்கள். அந்தச் சேலைத் துண்டுகளை மண்ணுக்குள் கண்டால் கொஞ்ச நேரம் வேலை ஓடாது.

ஊர் திரும்பியவர்கள் வளவைத் துப்புரவாக்கும் அவசரத்தில் கையில் கிடைத்ததைப் போட்டு மூடினார்கள்: வாழைக்குற்றி, உடைந்த ஓடு, குப்பை. குற்றியைக் கழற்றாமலே மண் தள்ளியவர்களும் உண்டு. பனையின் வைரம் நிற்கும், நடுச்சோறு உக்கிவிடும். பிறகு மண் மெல்ல மெல்ல இறங்கும். மாரியில் வளவைச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் நீள்சதுரமாகத் தண்ணீர் தேங்கினால், அல்லது புல் அங்கே மட்டும் கடும் பச்சையாக நின்றால் சந்தேகப்படுங்கள். அந்த இடத்தில் தூண் வரத்தான் வேண்டும் என்றால், பழைய நிரப்பை முழுதாக அள்ளி, இறுகிய மண் வரும்வரை போய், அரை அடி அரை அடியாக மண் போட்டு, தண்ணீர் விட்டு இடித்து இறுக்க வேண்டும். மேலே கொங்கிரீட்டைத் தடிப்பாகப் போட்டால் போதும் என்பவரின் பேச்சை நம்பாதீர்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் வெடிபொருள். கைவிட்ட பங்கருக்குள் என்ன கிடக்கிறது என்று வெளியில் நின்று சொல்ல முடியாது. துருப்பிடித்த இரும்பு ஏதாவது தெரிந்தால் மண்வெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்த வழியால் திரும்புங்கள். தொடாமல், ஆட்களை விலக்கி, பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். தயவுசெய்து அந்தக் குழிக்குள் குப்பை கொளுத்த வேண்டாம். சூட்டிலேயே வெடிக்கும்.

இப்போது நான் காணிக்குப் போனால் முதலில் அந்த வீட்டு வயதானவர்களோடு வளவைச் சுற்றி நடக்கிறேன். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் அதற்குப் பிறகுதான். அவர்கள் காட்டும் இடத்தை அளந்து, கிணறும் மலசலகூடக் குழியும் குறிக்கிற அதே படத்தில் ‘பழைய பங்கர்’ என்று எழுதிவிடுகிறேன். அடுத்து அந்த வளவில் வெட்டப்போகிறவர் 2009க்குப் பிறகு பிறந்தவராக இருக்கலாம்.