கோபர் கேஸிலிருந்து புரதம், பிளாஸ்டிக்: பயோ-இ3 கொள்கையில் யாருக்கு என்ன கிடைக்கும்?

கோபர் கேஸ் என்றதும் நமக்கு அடுப்பு எரிவதுதான் நினைவுக்கு வரும். அதே வாயுவை எரிக்காமல் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகப் போட்டால் மீன் தீவனத்துக்கான புரதமும் மட்கும் பிளாஸ்டிக்கும் எடுக்கலாம். இதுபோன்ற உயிரி உற்பத்தித் தொழில்களுக்காக மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 24 அன்று ஒப்புதல் தந்ததுதான் பயோ-இ3 கொள்கை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மானியத் திட்டம் அல்ல. மாடு வைத்திருப்பவர் மனுப் போட்டு வாங்கும் தொகை எதுவும் இதில் கிடையாது. "பயோ-இ3 மானியம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கொள்கை ஆறு துறைகளைக் குறிப்பிடுகிறது. அவற்றில் உயிரிவழி ரசாயனங்களும் பாலிமர்களும் ஒரு துறை, கரிம வாயுக்களைப் பிடித்துப் பயன்படுத்துவது இன்னொன்று. நம் விஷயம் இந்த இரண்டுக்கும் பொருந்தும்.

சரி, நுண்ணுயிர் என்னதான் செய்கிறது? சாண வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன், மிச்சத்தில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. மீத்தேனையே தின்று வாழும் பாக்டீரியாக்கள் நெல் வயல் சேற்றிலேயே இருக்கின்றன. புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் அங்கிருந்து புது இனங்களைப் பிரித்தெடுத்திருக்கிறது. இவை மீத்தேனை முதலில் மெத்தனாலாக்கி, அப்புறம் படிப்படியாகத் தங்கள் உடலாகவே மாற்றிக்கொள்கின்றன. அந்த உடலை உலர்த்தினால் புரதத் தூள். பெங்களூருவின் ஸ்ட்ரிங் பயோ நிறுவனம் இந்த வழியில்தான் மீத்தேனிலிருந்து புரதம் தயாரிக்கிறது. சில இனங்களுக்கு நைட்ரஜனைக் குறைத்து மீத்தேனை மட்டும் ஊட்டினால், பெருக முடியாமல், தின்றதைக் கொழுப்புப்போல உள்ளே சேர்த்துவைக்கும். பி.ஹெச்.பி. என்ற மட்கும் பிளாஸ்டிக் அதுதான்.

இதில் ஒரு வசதி உண்டு. வாகனத்துக்கான வாயு என்றால் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தே ஆகவேண்டும், அது செலவு பிடிக்கும் வேலை. பாக்டீரியாவுக்கு அவ்வளவு சுத்தம் தேவையில்லை. ஆனால் அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடை நீக்கியாக வேண்டும். பெரிய தலைவலி வேறு: மீத்தேன் தண்ணீரில் கரைவதே அபூர்வம், லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவுதான். காற்றோடு 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கவும் செய்யும். அதனால் இது கொல்லைப்புறத்தில் செய்கிற வேலை அல்ல.

பணம் வரும் வழி உயிரித் தொழில்நுட்பத் துறையும் அதன் கீழ் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு உதவும் பைராக் (BIRAC) நிறுவனமும். பயோ-ரைடு என்ற திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 2025-26 வரையிலான ஒதுக்கீடு 9,197 கோடி ரூபாய், அதில் உயிரி உற்பத்திக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. பைராக் அவ்வப்போது தலைப்பு வாரியாக அழைப்பு வெளியிடும். ஆய்வகங்களும் நிறுவனங்களும் இணைய வழியில் விண்ணப்பிக்கின்றன. யோசனை மட்டும் கையில் உள்ள இளம் நிறுவனத்துக்கு பைராக்கின் 'பிக்' நல்கை பொருத்தம்: 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை. தனிநபரும் கேட்கலாம், ஆனால் இளம் நிறுவனங்களுக்கு இடமும் வசதியும் தரும் தொழில் வளர்ப்பகம் (இன்குபேட்டர்) ஒன்றில் இடம்பிடித்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே பெரிய வாயு ஆலை நடத்துபவர் என்ன செய்வது? என் கணக்கில், இப்போதைக்கு வாயுவை அழுத்தி விற்பதுதான் உறுதியான வருமானம். நகர எரிவாயு நிறுவனங்கள் உயிரி வாயு கலப்பதற்கான அளவு 2025-26இல் 1 சதவீதம், 2028-29 முதல் 5 சதவீதம் என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. எனவே ஆய்வகத்தோடு கைகோத்து, வாயுவில் ஒரு சிறு பங்கை மட்டும் சோதனைக்குக் கொடுங்கள். அதற்குப் போகும்போது மீத்தேன், சல்பைடு அளவுகள் உள்ள ஆறு மாத அறிக்கையைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த ஆய்வகமும் முதலில் அதைத்தான் கேட்கும்.